மார்கழியில் முளைக்காத விதைகள்

சென்ற செவ்வாய்க்கிழமை விழுப்புரம் பேருந்து நிலையத்தில் கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டிருந்தபோது மேரி செல்வியின் தம்பி அழைத்தார். "சார், அக்கா காலையில போயிட்டாங்க" என்றார். "சரிங்க" என்றேன். மிளகாய்ப்பொடி தூவட்டுமா என்று பழக்காரர் கேட்டதற்கும் அதே "சரிங்க"தான் சொன்னேன். இதை எழுதும் வரை எனக்கு அழுகை வரவில்லை.

அவரோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். திண்டிவனம் பக்கத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் நாங்கள் பன்னிரண்டு ஆண்டுகள் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, எண்ணெய் சீக்கிரம் காறாமலிருக்க, விதைக்குள் இருக்கும் ஒரு மரபணுவை மௌனமாக்குவது எங்கள் வேலை. பசுமைக்குடிலில் களையெடுக்க வந்த பெண்களுக்கு அவர் அதை ஒருநாள் விளக்கினார்.

"அது நல்ல கொழுப்ப எடுத்து, ஜல்தியா காறிப்போற கொழுப்பா மாத்திக்கினே இருக்குதுங்க. நாங்க அதைப் புடுங்கி எறியல. சும்மா இருன்னு அடக்கி வைக்கிறோம்."

ஒலக்கூரிலிருந்து வரும் அஞ்சலை நிமிர்ந்து கேட்டார். "காறிப்போற கொழுப்பு செடிக்கு எதுக்குனா வோணுமா இருந்தா?"

மற்ற பெண்கள் சிரித்தார்கள். மேரி சிரிக்கவில்லை.

எங்கள் விதைகளின் எண்ணெய் எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்திருந்தது. இறுதி அறிக்கை எழுத வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரத்தில் அவர் விதைகளைக் குளிர்பெட்டியில், மார்கழி விடியற்காலையின் குளிர் அளவுக்கு வைத்து, முளைக்கப் போட்டார். சாதாரண விதைகள் முளைத்தன. எங்களுடையவற்றில் பாதிக்கு மேல் ஊறி அழுகின. இன்னும் இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். அப்படியேதான் வந்தது. அஞ்சலை கேட்ட அந்தக் கொழுப்பு, குளிரில் முளைக்க விதைக்கு வேண்டியிருந்தது.

இப்போது இதை எழுதினால் நிதி நின்றுவிடும், அடுத்த கட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். நம்மிடம் கேட்டது எண்ணெயைப் பற்றி மட்டும்தானே என்றும் சொன்னேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"மார்கழிப் பட்டத்துல விதைக்கறவங்க எண்ணெயவா சார் மண்ணுல போடுவாங்க?"

எழுதினார். நன்றிப் பக்கத்தில் அஞ்சலையின் பெயரையும் சேர்த்தார். நிதி நின்றது. அவரை மண் பரிசோதனைப் பிரிவுக்கு மாற்றினார்கள். அதன்பின் எங்கே பார்த்தாலும், குடிலில் இப்போது என்ன போட்டிருக்கிறீர்கள் என்று மட்டும் விசாரிப்பார். சிறுநீரகம் பழுதாகி, வாரம் இருமுறை சிகிச்சைக்குப் போய்வந்த நாட்களிலும் அதைத்தான் கேட்டார். நான் சொல்ல வேண்டிய வேறொன்று இருந்தது. சொல்லவில்லை.

புதன்கிழமை ஒலக்கூர் கல்லறைத் தோட்டத்தில் நானும் ஒரு பிடி மண் போட்டேன். அஞ்சலை வந்திருந்தார். "அந்த வெதையச் சரி பண்ணிட்டீங்களா சார்?" என்று கேட்டார். யாரும் முயலவில்லை என்றேன். அவர் தலையாட்டிவிட்டு நகர்ந்தார்.

மேரியுடையதாக என்னிடம் இருப்பது அந்த அறிக்கையின் நகல் ஒன்று. கடைசிப் பக்கத்தில் இரண்டு பேர் கையெழுத்துக்கு இடம் இருக்கிறது. இடப்பக்கம் மேரி செல்வி என்று தமிழில் போட்டிருக்கிறார். வலப்பக்கம் என் பெயர் அச்சாகியிருக்கிறது, அதன்மேல் ஒன்றுமில்லை. நாளைக்குப் போடுகிறேன் என்று அவரிடம் சொல்லியிருந்தேன்.