மீனாவின் மணல் பெட்டி

எங்கள் ஈப்போ வீட்டை விட்டு வெளியே போகாத பூனை மீனா. பதினான்கு வயதில் திடீரென்று மணல் பெட்டிக்கு வெளியே சிறுநீர் கழிக்கத் தொடங்கியது. திமிர் என்று முடிவுகட்டி, ஜெலாப்பாங்கில் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட ஏற்பாடு செய்தேன்.

அந்தக் குடும்பத்திலிருந்து கூண்டோடு வந்த பெண்மணி, பெட்டியருகே மீனா முன்காலைத் தூக்கித் தூக்கி இறக்குவதைப் பார்த்தார்.

"அண்ணே, இந்த உசரம் எப்படி ஏறும்? மூட்டு வலிதான்லா. உங்களுக்கு மட்டுந்தான் வயசாகுமா?"

உடனே பெட்டியின் முன்பக்கத்தைத் தரையோடு அறுத்தேன். மீனா நிதானமாக உள்ளே நடந்தது, மணலைக் கிளறியது, உட்கார்ந்தது. நாங்கள் இருவரும் கைதட்டிவிட்டோம். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கூண்டு காலியாகத் திரும்பியது.

அரசுப் பணியில் இருந்தவரை விளக்கம் கேட்காமல் நான் ஒருவரையும் மாற்றல் செய்ததில்லை. வீட்டில் இருந்த மீனாவிடம் கேட்கத்தான் தோன்றவில்லை.