பிளந்த குதிகால்

துறைமுகத்தில் பயணிகளின் பெட்டிகளைத் திறந்து பார்ப்பதுதான் இருபத்திரண்டு வருடமாக அவர் வேலை. அத்தனை வருடத்தில் பிடித்தது என்ன? நாலு சிகரெட் கட்டு, ஒரு சென்ட் பாட்டில். கூட வேலை செய்பவர்கள் அவரை 'மோப்பக்காரர்' என்று கூப்பிட்டது நக்கலுக்குத்தான். அப்பேர்ப்பட்ட மனுஷன் கையில், யாரோ பயணி மறந்துவிட்டுப் போன பழைய உளவு நாவல் ஒன்று சிக்கியது. இழுப்பறைக்குள் வைத்து மூன்று நாள் சோறு தண்ணி மறந்து படித்தார். அதில் ஒற்றன் ஒருவன் ஷூவின் குதிகாலைக் குடைந்து வைரம் கடத்துகிறான். சந்தேகம் வராமலிருக்க நொண்டுவதுபோல் நடிக்கிறான்.

நான்காம் நாள் காலைப் படகில் கடிகாரக் கடைக்காரர் வந்து இறங்கினார். வாரா வாரம் அக்கரைக்குப் போய் உதிரிப் பாகம் வாங்கி வருகிறவர். லேசாக நொண்டினார், இடது குதிகால் வலதைவிடத் தடிமன். மோப்பக்காரருக்குக் கை பரபரத்தது. கழற்றச் சொல்லிக் கத்தியால் பிளந்தார். உள்ளே வெறும் தக்கை.

"பொறந்ததுலேருந்தே இந்தக் கால் குட்டை சார். கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார் கடைக்காரர்.

பொருளைச் சேதப்படுத்தினால் படிவம் நிரப்ப வேண்டும். 'சந்தேகத்துக்குக் காரணம்' என்று அதில் ஒரு கட்டம். நாவல் படித்தேன் என்றா எழுத முடியும்? மானம் கப்பலேறிவிடாதா! 'இரகசியத் தகவலின் பேரில்' என்று எழுதிப் பிரதியை நீட்டினார். கடைக்காரர் அந்த வரியை இரண்டு தடவை படித்துவிட்டு, பிளந்த ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு ஒற்றை ஷூவோடு நடந்து போனார்.

அடுத்த வாரத்திலிருந்து, கேட்காமலே ஷூவைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பசை போட்டு ஒட்டிய அதே ஷூ.

"வேணாம், போட்டுக்குங்க."

"பாத்துடுங்க சார். மறுபடி யாராச்சும் சொல்லியிருந்தா?"

மோப்பக்காரர் ஷூவைத் தொடாமல் அவர் பக்கமே தள்ளினார். செய்தது அநியாயம், எழுதியது பச்சைப் பொய். வெளியே சொன்னால் வேலைக்கே வேட்டு. இப்படியே மூன்று மாதம் ஓட்டினார், பாவி மனுஷன். நாவலைத் தொடக்கூடப் பிடிக்கவில்லை.

ஒருநாள் கூடத்தில் வேறு யாருமில்லை. அதற்கு மேல் மோப்பக்காரருக்குத் தாங்கவில்லை.

"யாருமே தகவல் சொல்லல. ஏதோ கதைப் புத்தகத்துல படிச்சுட்டு வெட்டினேன். எழுதினது பொய். என் புத்திய என்னன்னு சொல்ல! மேல புகார் குடுங்க, நான் ஒத்துக்கறேன்."

கடைக்காரர் திட்டவில்லை. மேசைமேல் வைத்த ஷூவை எடுத்துக் காட்டினார்.

"இந்த ஷூவைத் தைச்சது என் தம்பி சார். குதிகாலக் குடைஞ்சு உள்ள தக்கை வெச்சிருக்கிறது அவனுக்கு மட்டும்தான் தெரியும். அவன்தான் போட்டுக் குடுத்தான்னு முடிவு பண்ணிட்டேன். 'நான் இல்லண்ணே'ன்னு கடை வாசல்ல நின்னு அழுதான். முகத்துல அடிச்ச மாதிரி கதவைச் சாத்தினேன்."

"இப்பவே வாங்க, நானும் வரேன். அவர் கால்ல விழுந்து சொல்றேன்."

"போன மாசமே குடும்பத்தோட காலி பண்ணிட்டுப் போயிட்டான் சார். எங்க போறேன்னு யார்கிட்டயும் சொல்லல."