மொளகுப் பாயும் வால் சில்லு ஏரோப்பிளேனும்

கேட்டியா தங்கச்சி, மேட்டு வீட்டுக்காரி சொல்றத? ஊரே மொளக ரோட்டுல காயப் போடுது, இந்தக் கெழவி மட்டும் ஏணி வச்சு குசினித் தகரக் கூரையில ஏத்துதுன்னு சிரிக்கிறாளாம். அவளுக்கு என்ன தெரியும்! உக்காரு, சொல்றேன்.

போன மொளகு சீசன்ல நான் தம்புள்ளைப் பக்கம் மக வீட்டுல இருந்தேன். அங்க ஒரு கறுப்புக் கோழி, தீனி மட்டும் திங்கும், முட்டையே போடாது. அது வேற கத. வீட்டுக்குப் பின்னால சின்ன ஏரோப்பிளேன் எறங்குற தார் ரோடு. எப்பவாச்சும் ஒண்ணு வரும். வேலி பிஞ்சு கெடந்துச்சு. தாருச் சூட்டுல மொளகு சுருக்கா காஞ்சுருமேன்னு பாயக் கொண்டு போய் ஓரமா விரிச்சேன்.

அன்னைக்குன்னு பாத்து வந்திருச்சு. தரையில உருள முன்னுக்கு ரெண்டு பெரிய சில்லு, வாலுல தேங்கா அளவுக்கு ஒண்ணு. நான் சும்மா நின்னிருக்கலாம். "ஐயோ என் மொளகு"ன்னு பாய இழுக்க ரோட்டுக்குள்ள ஓடினேன்.

சில்லு அப்பத்தான் தரையில பட்டுச்சு. என்னையக் கண்டதும் அத ஓட்டின மனுசன் சடாருன்னு திருப்பினார். வால் முன்னுக்கு வந்து, பிளேனே பம்பரமா சுத்தி, செறகு தேஞ்சு, சில்லு ஒடிஞ்சு புல்லுல சாஞ்சிருச்சு. என் மொளகு ஒரு மணி செதறல!

நெத்தியில ரத்தத்தோட எறங்கி, சிங்களத்துல அவர் கேட்ட மொத வார்த்த, "அம்மே, அடி பட்டிச்சா?"

மருமகன் ஓடி வந்து என்னையும் பாயையும் வீட்டுக்குள்ள தள்ளிட்டான். மறுநாள் விசாரிக்க ஆபீசருங்க வந்தா, ரோட்டுல கெழவியும் இல்ல, பாயும் இல்ல. ஓட்டத் தெரியாம ஒடச்சிட்டு கத சொல்றார்னு அவர் மேலயே பாயுறாங்க. லைசன் போயிருமாம்.

"வாயத் தொறக்காதீங்க அத்தே, பொலிசுல புடிச்சிருவாங்க"ன்னான் மருமகன்.

"புடிக்கட்டும். அங்க சோறு போட மாட்டாங்களா?"

பாயத் தலையில வச்சு நடந்தேன். ஆபீசருங்க காலடியில விரிச்சேன். "இதுதான் பாய், நான்தான் கெழவி, எழுதுங்க"ன்னேன். எழுதினதுக்குக் கீழ கைநாட்டும் வச்சேன். ஏசினாங்க பாரு, அப்பிடி ஏச்சு! நின்னு வாங்கிக்கிட்டேன்.

அவர் நெத்திக்கட்டோட சிரிச்சார். "வால் சில்லு பிளேன நேராவே ஓட விடணும் அம்மே. திருப்பினா வாலு முந்திக்கும்."

"தெரிஞ்சா ஏன் திருப்பினீங்க?"

"நேரா நீங்கல்ல நின்னீங்க!"

இப்பவும் பறக்கிறார் தங்கச்சி! போன மாசம் மக வீட்டுக்கு மேல செறக ஆட்டிட்டுப் போனாராம். ஆனா ரோட்டுல யாரு பாய் விரிச்சாலும் எனக்கு இன்னும் அந்த நெத்தி ரத்தந்தான் தெரியுது.

அடியே, தூத்தல் விழுது! ஏணியப் புடி, ஏணியப் புடி...