வெளுத்த முகங்களோடு மேலூரிலிருந்து டி. கல்லுப்பட்டிக்கு

2008 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை போன பயணம் இது. நான் நோட்டில் எழுதியதைப் பேத்தி கவிதா டைப் அடிக்கிறாள்.

அவளும் நானும் மேலூரில் எங்கள் காலனிப் பெண்களும் சேர்ந்து ‘கருத்தவ’ என்று கையெழுத்துப் பத்திரிகை ஒன்று போட்டோம். சாதியையும் நிறத்தையும் சேர்த்துச் சொல்லி ஏச்சு வாங்கிய ஒன்பது பேர். கண்ணாடி பார்த்து அவரவர் முகத்தை அடுப்புக்கரியில் வரைந்து, தன்னிடம் தனக்குப் பிடித்ததைப் பக்கத்திலேயே எழுதினோம். அஞ்சாவது வரை படித்த நானும் ஒரு பக்கம் எழுதினேன். சும்மா சொல்லக் கூடாது, நல்லாவே எழுதியிருந்தேன்.

டி. கல்லுப்பட்டியில் மூன்று மணிக்கு வெளியீடு. மண்டபத்தைத் தயார் செய்யக் கவிதா முதல் நாளே போய்விட்டாள். நாற்பது பிரதி ஜெராக்ஸ் எடுத்து வருவது எனக்கும் என் மதினி ராக்குவுக்கும் வேலை. ராக்கு குவாரியில் ஜல்லி உடைப்பவள். அவள் முகமும் பத்திரிகையில் உண்டு.

மேலூரில் 9.10க்குப் பஸ். மாட்டுத்தாவணிக்கு எட்டு ரூபாய், முக்கால் மணி நேரம். அங்கிருந்து பெரியார் நிலையத்துக்கு டவுன் பஸ். கோரிப்பாளையத்தில் வண்டி நகரவே இல்லை. நான் படங்கள் இருந்த பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ‘முட்டையா வச்சிருக்க?’ என்றாள் ராக்கு.

பெரியார் நிலையத்துப் பக்கம் ஜெராக்ஸ் கடையில் ராக்கு வெளியே உட்கார்ந்துகொண்டாள். முதல் தாளை எடுத்துப் பார்த்த கடைக்காரர், ரொம்ப இருட்டாக வருகிறது, குறைக்கவா என்றார். ‘குறைங்க தம்பி, முகம் பளிச்சுன்னு வரட்டும்’ என்றேன். கல்யாணப் போட்டோ முதல் ரேஷன் கார்டுப் போட்டோ வரைக்கும் ஸ்டுடியோவில் நான் சொன்னதெல்லாம் அதுதான். வாய் தானாகச் சொல்லிவிட்டது. எடுத்து, பின் அடித்து முடிக்க 12.15.

12.30க்குத் திருமங்கலம் பஸ், இருபது கிலோமீட்டர். திருப்பரங்குன்றம் தாண்டியதும் ராக்கு ஒரு புத்தகத்தை உருவினாள். ‘மதினி, என் மூஞ்சிய எங்க? மூக்குத்தி மட்டும்ல நிக்குது.’

எல்லாப் பக்கமும் அப்படித்தான். கண், உதடு, நகை. மற்றதெல்லாம் வெள்ளைத் தாள். மிஷின் கோளாறு போல என்றேன். பொய் சொன்ன பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிய நான் திருமங்கலம் வரை அவள் பக்கம் திரும்பவே இல்லை.

1.20க்கு இறங்கி, அங்கே ஒரு ஜெராக்ஸ் கடைக்கு ஓடினோம். கரண்ட் இல்லை, மூணு மணிக்கு வரலாம் என்றார்கள். காத்திருந்தால் கூட்டம் போய்விடும். 2.00 மணி பஸ்ஸைப் பிடித்தோம். உட்கார இடம் கிடைத்தும் என்னால் உட்கார முடியவில்லை. ஒன்பது பேரும் வெட்கத்தை விட்டு வரைந்ததை நான் ஒருத்தி அழித்துவிட்டேனே என்று கம்பியைப் பிடித்தபடியே நின்றேன்.

2.50க்கு மண்டபம். கவிதா பிரித்தாள், புரட்டினாள், மூடினாள்.

‘கடைக்காரன் குறைச்சிட்டானா, அப்பத்தா?’

ஆமாம் என்றால் அத்தோடு போயிருக்கும். பக்கத்தில் ராக்கு நின்றாள்.

‘இல்லத்தா. நாந்தான் குறைக்கச் சொன்னேன்.’

ராக்கு முந்திக்கொண்டாள். ‘அம்புட்டு அசிங்கமாவா இருக்கேன் நானு?’

மண்டபத்துச் சமையல்கட்டில் போய் ஒரு கை கரி அள்ளி வந்தேன். தரையில் உட்கார்ந்து முதல் புத்தகத்தில் ராக்கு முகத்தில் விரலால் தேய்த்தேன். ராக்கு நின்று பார்த்தாள். அப்புறம் உட்கார்ந்து, ‘இன்னும் நல்லாத் தேயி, வெயில்ல நின்ன மூஞ்சி அது’ என்று தானும் ஒன்றை எடுத்துக்கொண்டாள். கூட்டம் நடக்கிறது, நாங்கள் தேய்க்கிறோம். ஆறு மணிக்குள் இருபத்திரண்டுதான் முடிந்தது. வாங்கினவர்கள் விரலெல்லாம் கரி.

போகிறவர்களுக்கு: மதுரையில் வேலை இல்லையென்றால் மாட்டுத்தாவணியிலேயே ராஜபாளையம் பஸ் ஏறுங்கள், டி. கல்லுப்பட்டியில் நிற்கும். கரிப்படம் கொண்டுபோனால் அட்டைக்கு நடுவில் வையுங்கள். ஜெராக்ஸ் கடையில் உள்ளபடி எடுக்கச் சொல்லி, முதல் தாளைப் படத்தில் இருக்கிறவளிடமே காட்டுங்கள்.

பதினெட்டுப் புத்தகம் மீதி இருக்கிறது. வேண்டுகிறவர்கள் மேலூருக்கு வந்தால் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். முகம் தேய்த்துத்தான் கொடுப்பேன்.