கண்மாய்க்குள் ஒரு மஞ்சள் துணி

போன செவ்வாய்க்கிழமை காலை, சரியாக ஏழு இருபது. வில்லாபுரத்தில் எங்கள் தெருவை ஒட்டிய கண்மாய்க்குள் ஜேசிபி இறங்கியது.

எனக்குச் சந்தோஷம்தான். சீமைக் கருவேலத்தை வேரோடு எடுப்போம், நாட்டு மரங்களைக் காப்போம் என்று வார்டு கூட்டத்தில் தீர்மானம் போட்டிருந்தார்கள். கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். (கூட்டம் பதினைந்து நிமிடம் தாமதம் – டைரியில் இருக்கிறது.)

ஆனால் சீமை எது, நாட்டு மரம் எது என்று ஜேசிபிக்குத் தெரியுமா? இரண்டிலும் முள். வற்றிக் கிடந்த கண்மாயின் நடுவே நிற்கும் ஐந்து நாட்டுக் கருவேல மரங்களை நோக்கி அது நேராகப் போனது...

அந்த மரங்களைப் பள்ளி நாட்களிலிருந்து எனக்குத் தெரியும். சாயங்காலம் அப்பா சைக்கிளைக் கரையில் நிறுத்துவார். நான் நோட்டை விரித்து, அடைய வரும் மடையான் கொக்குகளை எண்ணுவேன். பாதியில் ஒன்று இடம் மாறி உட்காரும். மறுபடி முதலிலிருந்து!

"விடியிறவரைக்கும் எண்ணுவியாடா?" என்பார். கிளம்பச் சொன்னதே இல்லை.

அன்றிலிருந்து வருடா வருடம் முதல் கூடு கட்டும் நாளைக் குறித்து வருகிறேன். அப்பா இறந்த வருடமும் குறித்தேன்.

டிரைவரிடம் ஓடினேன்.

"தம்பி, இது நாட்டு மரம்! மஞ்சப் பூ பாருங்க..."

"அண்ணே, அம்புட்டு முள்ளையும் எடுக்கச் சொல்லித்தான் ஆர்டரு. ஆபீஸ்ல கேளுங்க. டீ குடிச்சிட்டு வாரேன், அதுவரைக்கும் டைம்."

ஆபீசுக்குப் போன் போட்டேன். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

பக்கத்து வீட்டு மெர்சி டீச்சர் கரையில் நின்றிருந்தார். ரிட்டயர்டு. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்.

"சார், நீங்க போனைக் காதுல வச்சுக்கிட்டே நில்லுங்க. அவன் டீயைக் குடிச்சிட்டு வந்துருவான்" என்று விறுவிறுவென வீட்டுக்குப் போனார். திரும்பியபோது கையில் ஒரு பழைய மஞ்சள் சேலை. நீளநீளமாகக் கிழித்து ஐந்து மரங்களுக்கும் கட்டினார்.

"குங்குமம்?" என்றேன்.

"அது உங்க டிபார்ட்மென்ட்."

பூஜை அலமாரியைக் காலி செய்துகொண்டு வந்தேன்.

டிரைவர் வந்தார். பார்த்தார். செருப்பைக் கழற்றினார்.

"ஏண்ணே, சாமி மரம்னு மொதல்லயே சொல்றதுக்கென்ன?" கன்னத்தில் போட்டுக்கொண்டு வண்டியைத் திருப்பினார்.

தீர்மானம் பைலில் பத்திரமாக இருக்கிறது. மரங்கள் கண்மாயில் இருக்கின்றன. நேற்று மாலை மடையான்கள் அடைந்தன. எண்ணினேன், பாதியில் ஒன்று இடம் மாறியது. 'கிளம்பு' என்று சொல்ல யாருமில்லை... அன்றும் யாரும் சொன்னதில்லையே.

டைரியில் எல்லாம் எழுதிவிட்டேன். துணி கட்டியது யார் என்ற இடம் மட்டும் காலி.

நீங்களும் டீச்சருடைய பாஸ்டர் காதில் போட்டுவிடாதீர்கள்!