மூடி திறந்த கரி

"மூடியப் போடுங்கப்பா! கரித்தூள்தானேன்னு நெனைக்காதீங்க. காத்துல இருக்கற கண்டதையும் உள்ள இழுத்துக்கும்!"

திருவானைக்காவல் பிரேமலதா எங்கள் ஆய்வுக்கூடத்தில் இதைச் சொல்லாத நாள் கிடையாது. மூக்கில் ஆரம்பித்து உச்சந்தலையில் முடியும் குரல். சக மாணவன் அப்ரார் டீ பிளாஸ்கைப் பார்த்து அதே குரலில், "மூடியப் போடுங்கப்பா!" என்பான். அவர் சிரிக்க மாட்டார்.

அவருடைய ஆய்வே அந்தக் கரிதான். அதற்குள் மூலக்கூறு நுழையும் அளவுக்கே நுண்துளைகள். காற்றழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்கு அழுத்தினால் மட்டுமே நடக்கிற வேதிவினை, அந்தத் துளைக்குள் வாயுவை விட்டால் வெளியே அழுத்தாமலே நடக்குமா என்று பார்க்க வேண்டும்.

"சத்திரம் பஸ் ஸ்டாண்டு டவுன் பஸ் மாதிரிங்க" என்று விளக்குவார். "வெளிய ரோடு காலியாத்தான் கெடக்கும். உள்ள ஏறுனவங்களக் கேட்டுப் பாருங்க."

அக்டோபரில், வாயு செலுத்திய கரியைச் சூடாக்கி, வெளியே வந்ததை அளந்தபோது, இதுவரை பார்க்காத ஒரு கோடு திரையில் எழுந்தது. வழிகாட்டி பீமராவ் சார் புது வினை என்று கட்டுரையே எழுதி முடித்தார். அது இதழில் வந்தால் பிரேமலதாவுக்குப் பட்டம். வராவிட்டால், குழந்தையைக் கைலாசபுரத்தில் மாமியாரிடம் விட்டுவிட்டு இன்னொரு வருடம் ஓட வேண்டும்.

அனுப்பும் முன் ஒரு சோதனை பாக்கி. வாயுவே செலுத்தாத கரியை பிரேமலதா அதே குப்பியிலிருந்து எடுத்துச் சூடாக்கினார். அதே கோடு. புதுக் குப்பியைத் திறந்து பார்த்தார். கோடு இல்லை.

"அப்ரார், இந்தப் பழைய குப்பிய மோந்து பாரு."

"கோயில் வாசல்ல நிக்கிற மாதிரி இருக்குக்கா."

ஆயுத பூஜை அன்று எல்லாக் கருவிக்கும் சந்தனம் வைத்துச் சூடம் காட்டியது பிரேமலதாதான். குப்பியின் முறை வந்ததும், "மூடியோட காட்டுனா அதுக்கு எப்படிப் போய்ச் சேரும்?" என்று திறந்ததும் அவர்தான்.

போய்ச் சேர்ந்திருந்தது.

பீமராவ் சார் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, ஊருக்கெல்லாம் மூடி மூடின்னு சொல்லிட்டு... சரி, விடு. பேப்பர் படிக்கறவன் மோந்தா பாக்கப்போறான்? அனுப்பிடலாமே?"

"வேணாம் சார். அந்தக் கோடு கரி செஞ்சது இல்ல, நான் செஞ்சது. இன்னொரு வருஷம் ஆனா ஆவட்டும், மொதல்லேருந்து செய்யறேன். பூஜையும் செய்வேன், மூடியப் போட்டுட்டே செய்வேன். அப்பவும் போய்ச் சேரலன்னா அது சாமி பாடு, என் கரிய இழுக்காதீங்க."