பிரேக் மாஸ்டர் முகாமுக்குப் போனார்

பிரசங்கம் சூடு பிடிக்கும்போது பிரேக் மாஸ்டருடைய வலது கால் தரையை அழுத்த ஆரம்பிக்கும். போதகர் குரலை உயர்த்தி, நரகத்தின் வாசல்வரைக்கும் சபையை இழுத்துக்கொண்டு போவார். கடைசி வரிசையில் இவர், அங்கே இல்லாத பெடலை மிதித்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் இருக்கும் மனைவி முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினால் கால் நிற்கும். கொஞ்ச நேரம்தான். மறுபடி ஆரம்பித்துவிடும்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். சின்ன வெள்ளைக் கார். கற்றுக்கொடுப்பவர் பக்கத்திலும் ஒரு பிரேக். அடுத்தவர் தவறுகளையெல்லாம் அந்த ஒரு காலால் நிறுத்தியே தலை நரைத்தவர். மாப்பிள்ளை ஓட்டும் காரில் பின்சீட்டில் உட்கார்ந்தாலும் சரி, டிவியில் யாராவது வேகமாக ஓட்டினாலும் சரி, கால் தானாகப் போய்விடும். எல்லோரும் பிரேக் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவருக்கு அதில் வருத்தமில்லை. "ஹாரன் மாஸ்டர்னு சொல்லலையே, அதுவரைக்கும் சந்தோஷம்" என்பார்.

நானும் அவர் மாணவன்தான். ஐம்பதை நெருங்கும் வயதில் ஸ்டீயரிங்கைத் தொட்டவன். "சார், அது பச்சப்புள்ள கழுத்து இல்ல. கொஞ்சம் அழுத்திப் புடிங்க, ஒண்ணும் ஆகாது" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

தன் தம்பிக்கும் அவரேதான் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். தோளில் தூக்கி வளர்த்த தம்பி. நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு மழைநாளில், வளைவில் வண்டி சறுக்கி மரத்தில் மோதி, அந்த இடத்திலேயே போய்விட்டார். வேகம் இல்லை, குடி இல்லை, டயர்கூடப் புதிது. விசாரித்தவர்கள் யார் மேலும் தப்பில்லை என்று முடித்துவிட்டார்கள். மாஸ்டருக்கு ஆறாமல் போனது அதுதான். ஒருமுறை சிக்னலில் நின்றபோது, முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்: "கீழ இருக்கற யார் மேலயும் தப்பில்லன்னா, மேல இருக்கறவர் மேலதான் தப்பு."

கோயிலுக்கு வருவதை அவர் நிறுத்தவில்லை. ஜெபத்தை நிறுத்திவிட்டார். எல்லோரும் கண்ணை மூடும் நேரத்தில் அவர் மட்டும் திறந்த கண்ணோடு உட்கார்ந்திருப்பார். "வீட்டுக்காரி மனசு கஷ்டப்படக் கூடாதேன்னு வர்றேன். அது அவர் வீடு, நான் வந்து உக்காந்துட்டுப் போறேன். பேச்சுவார்த்தைதான் இல்ல" என்பது அவர் விளக்கம்.

சபையின் ஆண்கள் ஐக்கியம் ஆற்றங்கரைக் காட்டில் முகாம் போடுகிறது என்று அறிவித்ததும் அவரைக் கேட்காமலே பெயர் கொடுத்தது மனைவிதான். போதகர், பல் மருத்துவர், கணக்கர், துணிக்கடைக்காரர், நான், இவர் என்று ஒரு வேன் நிறையப் போனோம். நாங்கள் கூடாரம் அடித்து முடித்த நேரத்துக்குள் மோசேயின் ஜனங்கள் கானானுக்கே போய்ச் சேர்ந்திருப்பார்கள். சாயங்காலம் நெருப்பு மூட்டி, வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருவராகச் சாட்சி சொன்னோம். அவரவர் வாழ்வில் ஆண்டவர் செய்ததைச் சொல்ல வேண்டும். மாஸ்டர் முறை வந்தது.

"எனக்குத் தெரிஞ்சு ஆக்சிடென்ட்டுக்குத்தான் சாட்சி கேப்பாங்க பாஸ்டர். அன்னைக்கு நான் அங்க இல்ல" என்றார்.

நெருப்பில் ஒரு கட்டை சரிந்தது. போதகர் அடுத்தவரைக் கூப்பிட்டார்.

மறுநாள் காலையில் படகு. ஆளுக்கொரு துடுப்பு, இரண்டிரண்டு பேர். எனக்கு ஜோடி அவர்.

"இதுல பிரேக் எங்க சார்?"

"துடுப்புதான் மாஸ்டர் எல்லாமே."

"அப்ப நான் கரையிலயே நிக்கறேன்" என்றவரை நாலு பேர் பிடித்துத் தள்ளி ஏற்றிவிட்டார்கள். சாதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தது ஆறு. ஒரு திருப்பத்தில் இழுப்பு வந்து படகு பக்கவாட்டில் திரும்பியது. அவர் கால் படகின் அடிப்பலகையை உதைத்தது. "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கத்தினார். எதை வைத்து நிறுத்துவது? படகு குப்புறக் கவிழ்ந்தது.

இடுப்பளவுத் தண்ணீர்தான். நான் ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். அவர் மூக்குக்கண்ணாடி இல்லாமல், நனைந்த கோழிபோல நடுவில் நின்றார். சிரிக்கலாம் என்று நான் வாயைத் திறந்தபோது, அவர் துடுப்பை ஓங்கித் தண்ணீரில் அடித்தார்.

"நான் சரியாத்தான் சொல்லிக் குடுத்தேன்! வளைவுக்கு முன்னாடியே வேகத்தக் கொறைன்னு சொல்லிக் குடுத்தேன். அவனும் கொறச்சான். கொறச்சானா இல்லையா, நீயே சொல்லு! பாத்துட்டுத்தானே இருந்த? என் காலுதான் அன்னைக்கு அங்க இல்ல. உன் கை எங்க போச்சு?"

என்னிடம் பேசவில்லை என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. கரையில் இருந்தவர்கள் வாயில் வைத்த ரொட்டியை மெல்லாமல் நின்றார்கள். உதவிக்கு இறங்கப்போன பல் மருத்துவரைப் போதகர் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். மாஸ்டர் தொண்டை கட்டும்வரை கத்தினார். பிறகு தோள் குலுங்க அழுதார். அப்போதுதான் போதகர் காலணியோடு தண்ணீரில் இறங்கி, அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"கேட்டிருப்பாரு" என்றார்.

"கேக்கட்டும். நாலு வருசமா சேத்து வச்சது."

வேன் அவர் வீட்டு வாசலில் நின்றபோது மனைவி ஓடி வந்து, ஆவல் தாங்காமல் எங்கள் முன்னாலேயே கேட்டார்: "ஏங்க, மனசு திரும்புச்சா?"

"படகு திரும்புச்சு. மனசு பின்னால நடந்து வருது" என்று பையைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

ஆண்டவர் அவரைத் தொட்டுவிட்டார் என்று சபையில் பேச்சு. மேடையேறிச் சாட்சி சொல்லும்படி ஆளாளுக்குக் கேட்டார்கள். அவர் மசியவில்லை. "தொடவும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான் கத்துனேன், அவர் இன்னும் வாயத் தொறக்கல" என்றார். என்னிடம் மட்டும், வண்டியில், வேறொன்றும் சொன்னார்: "ஆள் இல்லாத வீட்டுக் கதவ யாராவது அவ்வளவு நேரம் தட்டுவாங்களா சார்?" ஜெப நேரத்தில் இப்போது கண் மூடுகிறது. உதடு அசைகிறது. புருவத்தைப் பார்த்தால் கும்பிடுகிறவர்போல இல்லை. வழக்குப் பேசுகிறவர்போல இருக்கிறது.

போன வாரம் தூறலில் பயிற்சி. வழக்கமான சாலையை விட்டு, இடப்பக்கம் திருப்பச் சொன்னார். அந்தப் பக்கம் அவர் யாரையும் கூட்டிப்போனதில்லை. கொஞ்ச தூரத்தில் ஒரு வளைவு. ஓரத்தில் பட்டை உரிந்து தழும்பேறிய மரம். "ஓரமா நிறுத்துங்க சார். எஞ்சின அணைச்சிருங்க."

குடை எடுக்காமல் இறங்கினார். மரத்துக்கு முன்னால் போய் நின்று, மேலே பார்த்துப் பேச ஆரம்பித்தார். கண்ணாடி வழியே எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இண்டிகேட்டர் போட மறந்தால் என்னைத் திட்டுவாரே, அதே மாதிரி விரல் மட்டும் நீண்டு ஆடியது. கடைசியில் விரல் இறங்கியது. ஆனாலும் அவர் திரும்பவில்லை. எதிராளியும் பேசட்டும் என்று இடம்விடுகிறவர்போல, தலையை ஒரு பக்கம் சாய்த்து, மழையில் காது கொடுத்து நின்றார்.